ருவைஸில் பாதிச் சாப்பாடு

அல் ஐனில் முதல் நாள் மதியம் அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இவர்கள்.

பாஸ்டர் சாமுவேல். எங்கள் ஊர்ச் சபைக்குப் போதகர். வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களுக்கு நாலு கூட்டத்தில் பேச வந்திருந்தார்.

ஜெபராஜ். பாஸ்டரின் தங்கச்சி மாப்பிள்ளை. ருவைஸில் எண்ணெய் சுத்தம் பண்ணுகிற ஆலையில் பிட்டர். எங்களைக் கூட்டிப்போக வந்தவர்.

காதர் பாய். கீழக்கரைக்காரர். அல் ஐனில் மளிகைக் கடை. வீடு அவருடையது, சாப்பாடும் அவருடையது.

பிறகு நான். பெயர் ஏசுவடியான். பாஸ்டர் பாடினால் டோலக் அடிப்பேன். அதற்காகத்தான் என்னையும் பிளேனில் ஏற்றினார்.

பாஸ்டரின் தங்கச்சி ரோஸ்லினும் வந்திருந்தாள், ருவைஸ் க்ளினிக்கில் நர்ஸ். அவள் உள்ளே, காதர் பாய் சம்சாரத்தோடு வேறு தட்டில்.

தட்டு எங்கள் ஊர்ச் சுளகைவிடப் பெரியது. சோறு மலை மாதிரி. மேலே ஆட்டுக்கறி. காதர் பாய் இரண்டு கையாலும் தூக்கிவந்து துணி விரித்த இடத்தில் வைத்தார். நான் என் தட்டு எங்கே என்று பார்த்தேன்.

"என்ன தேடுறீங்க தம்பி?"

"தட்டு."

"இதுதான் தட்டு. எங்க ஊர்ல சஹன்னு சொல்லுவோம். விருந்துன்னா ஒரு சஹன்ல நாலு பேர், அஞ்சு பேர். உங்களுக்கு நேரா இருக்கிறது உங்களுக்கு. அடுத்தவர் பக்கம் கைய விடாதீங்க. சட்டம் அவ்வளவுதான்."

நான் உட்காரவில்லை. பாஸ்டரைப் பார்த்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் காலனிக்காரன். பாஸ்டர் ஊருக்குள். இரண்டு பேருக்கும் ஒரே சபை, ஒரே பாட்டு, உட்கார ஒரே பாய். கூட்டம் முடிந்தால் அவர் வீட்டில் எனக்கும் சாப்பாடு உண்டு. பின்வாசலில். பாஸ்டர் சம்சாரம் குறை வைக்காமல் போடுவார்கள். அதைப் பற்றி நான் யோசித்தது கிடையாது.

"உட்காருல" என்றார் பாஸ்டர்.

உட்கார்ந்தேன். அவர் கை அந்தப் பக்கம், என் கை இந்தப் பக்கம். காதர் பாய் கறியைப் பிய்த்துப் பாஸ்டர் பக்கம் தள்ளினார். பாஸ்டர் அதில் பாதியை என் பக்கம் தள்ளினார். யோசித்துச் செய்யவில்லை. கை தன் பாட்டுக்குத் தள்ளியது. அந்தத் துண்டைக் கடைசி வரை வைத்திருந்து தின்றேன்.

அல் ஐனில் வேறு என்ன பார்த்தாய் என்று ஊரில் கேட்டார்கள். ரோட்டோரத்து மரத்துக்குக் குழாய் வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் ஊரில் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருப்போம். அதைச் சொன்னேன். தட்டைச் சொல்லவில்லை.

மறுநாள் ருவைஸுக்குக் கிளம்பினோம். ஜெபராஜ் காரில் ரேடியேட்டர் போய்விட்டது. காதர் பாய்க்கு ருவைஸில் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. அரிசி மூட்டையோடு எங்களையும் வேனில் ஏற்றினார்.

வழி நெடுக மணல். ஒரு ஆடு, ஒரு கோழி, ஒரு மனுஷன் இல்லை. ரோடு மட்டும் நேராகப் போகிறது. இவ்வளவு நல்ல ரோட்டை யாருக்குப் போட்டார்கள் என்று தெரியவில்லை.

ரோஸ்லின் பின்னால் இருந்து அண்ணனிடம் பேசிக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, ஆறுமுகம்னு ஒரு தம்பி. சாரம் கட்டுற வேலை. ஒரு வருஷமா நம்ம ஜெபத்துக்கு வாரான். முங்கணும் முங்கணும்னு நிக்கான். இங்க தமிழ்ப் பாஸ்டர் கிடையாது. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கான்."

முங்குவது என்றால் ஞானஸ்நானம். எங்கள் சபையில் தலையில் தெளிக்க மாட்டார்கள். ஆளையே தண்ணீரில் முக்கி எடுப்பார்கள்.

"வெள்ளிக்கிழமை காலையில முக்கிருவோம்" என்றார் பாஸ்டர்.

"அடுத்த வாரம் அவனுக்கு கான்ட்ராக்ட் முடியுது. ஊருக்குப் போயிருவான். நீ விட்டா அவனை விட்ட மாதிரிதான்."

"விடுவனா?"

"செல்லத்துரை அண்ணாச்சியும் வருவாவ."

பாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

செல்லத்துரை அண்ணாச்சி எங்கள் ஊர். ருவைஸில் ஸ்டோர் கீப்பர். எங்கள் சபையில் பாதிக்கு மேல் அவர் சொந்தம். அவர் அண்ணன் தம்பி, மச்சான், மச்சான் வீட்டு ஆட்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் எழும்பி வேறு சபைக்குப் போவார்கள். அது பாஸ்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தாரிஃப் என்கிற ஊர் தாண்டி டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. காதர் பாய் இறங்கி ஸ்டெப்னியை ஒரு உதை உதைத்தார். வெயிலில் வேனைத் தொட முடியவில்லை. எங்கள் ஊர் வெயிலில் நிழல் என்று ஒன்று இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

ஒரு லாரி நின்றது. டிரைவர் பட்டாணி, பாகிஸ்தான் பக்கத்து ஆள். தாடி, தலைப்பாகை, பனைமரம் மாதிரி உயரம். நான் பாஸ்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவன் உருதுவில் என்னமோ அதட்டினான். காதர் பாய் எங்களுக்குச் சொன்னார்.

"இவங்க யாருன்னு கேக்குறான். பாதிரியார்னு சொன்னேன்."

பட்டாணி பாஸ்டரை மேலும் கீழும் பார்த்தான். மறுபடி அதட்டினான்.

"பாதிரி பசியோட நிக்கக் கூடாதாம். முதல்ல ரொட்டியாம். டயரு எங்கயும் ஓடிராதாம்."

லாரி நிழலில் சாக்கை விரித்தான். ரொட்டி, வெங்காயம், ஒரு டப்பாவில் பருப்பு. ஒரே டப்பா. பாஸ்டர் அவனோடு உட்கார்ந்து அதில் தொட்டுத் தின்றார். பட்டாணி அவர் முதுகில் தட்டினான். பாஸ்டர் சிரித்தார்.

பிறகு அவனே பம்பு எடுத்து ஸ்டெப்னிக்குக் காற்றடித்தான். காதர் பாய் கும்பிடாத குறை.

வியாழன் சாயங்காலம் ரோஸ்லின் வீட்டில் கூட்டம். கம்பெனி கொடுத்த வீடு. வேலையாட்கள் தங்குகிற கேம்பில் இருந்து பத்துப் பன்னிரண்டு பேர் குளித்து, பவுடர் போட்டு வந்திருந்தார்கள். நான் டோலக்கை உறையில் இருந்து எடுத்தேன்.

"அண்ணே, டோலக் மாஃபி" என்றார் ஜெபராஜ். மாஃபி என்றால் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது. ஜெபிக்கலாம், மெதுவாகப் பாடலாம். எங்கள் ஊரில் மூன்று தெருவுக்கு மைக் குழாய் கட்டாமல் கூட்டம் கிடையாது. கடல் தாண்டி டோலக்கைக் கொண்டுவந்து, தொடையில் தாளம் போட்டேன்.

சரக்கு இறக்கிவிட்டு எங்களோடேயே தங்கிவிட்ட காதர் பாய் அடுப்படிக்குப் போனார். "நீங்க ஜெபத்தைப் பாருங்க. பிரியாணி என் பொறுப்பு."

பாஸ்டர் அன்றைக்குப் பேதுரு கதை சொன்னார். அவர் சொன்னால் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கும். பேதுரு யூதன். யூதர் அல்லாதவர்களைப் புறஜாதி என்பார்கள். புறஜாதி வீட்டுக்கு யூதன் போக மாட்டான், கை நனைக்க மாட்டான். பேதுரு மொட்டைமாடியில் பசியோடு ஜெபம் பண்ணுகிறான். வானத்தில் இருந்து ஒரு துப்பட்டி இறங்குகிறது. அதற்குள் அவன் ஜாதி தின்னாத அத்தனை உயிரும் கிடக்கிறது. தின்னு என்று சத்தம் கேட்கிறது.

முன்வரிசையில் ஒல்லியாக ஒரு ஆள். ஆறுமுகம்தான். கை முழுக்கக் கம்பி உரசின தழும்பு.

"பன்னியும் கெடந்துச்சா பாஸ்டர்?"

"கெடந்துச்சு."

"பாம்பு?"

"ஊருற பிராணி எல்லாம்."

"பாவம், நல்ல பசியில போயி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

பிறகு ரோமாபுரிப் பட்டாளத்து அதிகாரி வீட்டில் இருந்து ஆள் வருகிறது. பேதுரு போகிறான். புறஜாதி வீட்டுப் படி ஏறுகிறான். கடவுளுக்கு இந்த ஆள் அந்த ஆள் என்று கிடையாது என்று அங்கே வைத்துத்தான் சொல்கிறான்.

"அங்க சாப்பிட்டாரா?" என்று கேட்டான் ஆறுமுகம்.

"சில நாள் தங்கினாரு. சாப்பிடாமலா இருந்திருப்பாரு?"

ஆறுமுகம் தலையாட்டினான். அவனுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் சஹன்கள் வந்தன. எங்கள் தட்டில் பாஸ்டர், ஜெபராஜ், காதர் பாய், ஆறுமுகம், நான். மற்றவர்கள் மற்ற தட்டுகளில். ரோஸ்லின் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறுமுகம் வேகமாகச் சாப்பிட்டான்.

"தம்பி, மெதுவா. சாரம் கட்டப் போறாப்ல திங்கிறீங்களே" என்றார் காதர் பாய்.

"கேம்புல தெனம் பருப்பு பாய். வாயி மறந்து போச்சு."

அப்போதுதான் செல்லத்துரை அண்ணாச்சி வந்தார். டூட்டி முடிந்து நேராக வந்ததாகச் சொன்னார். வெள்ளைச் சட்டை, சென்ட். ஜெபராஜ் எழும்பி நாற்காலி போட்டார். அண்ணாச்சி எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொன்னார். எங்கள் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னை ஊரில் அவருக்குத் தெரியும். முகம் மாறியது. பிறகு ஆறுமுகத்தைப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"விருதுநகர் பக்கம் அண்ணாச்சி."

"ஊருக்குள்ளயா?"

"இல்ல, காலனி" என்றான் ஆறுமுகம். வாயில் சோறு இருந்தது. ஒளிக்கிற மாதிரி சொல்லவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னான்.

அண்ணாச்சி பாஸ்டரைப் பார்த்தார்.

பாஸ்டர் கை சோற்றில் நின்றது. கையை உதறினார்.

"எனக்கு வயிறு சரியில்ல" என்றார். எழும்பினார். கை கழுவப் போனார்.

நான் அவரோடு பல வருஷம் ஊர் ஊராகப் போனவன். அவருக்கு வயிறு எப்போது சரியில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஜெபராஜ் தரையைப் பார்த்தார். பிறகு அவரும் எழும்பினார். அண்ணாச்சி பக்கத்தில் பாஸ்டருக்கு ஒரு நாற்காலி போட்டார். தனித் தட்டில் கொஞ்சம் தயிர்சோறு வந்தது. வயிறு சரியில்லாதவர் அதைத் தின்றார்.

தட்டில் மூன்று பேர் மிச்சம். காதர் பாய்க்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. அவர் முகம் கறுத்தது. நான் எழும்பவில்லை. எழும்ப வேண்டிய ஆள் நான் இல்லை. பாஸ்டர் உதறின கை, பட்டாணி டப்பாவில் தொட்டுத் தின்ற கை.

ரோஸ்லின் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். நேராக வந்தாள். அண்ணன் எழும்பின இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் பாதி தின்றுவிட்டுப் போன சோற்றில் கையை வைத்துத் தின்னத் தொடங்கினாள். ஆம்பிளைகள் தட்டில் ஒரு பொம்பளை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காதர் பாய் சட்டென்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

இரண்டு கவளம் தின்றுவிட்டுத்தான் பேசினாள்.

"அண்ணே, பேதுரு கதைய பாதியில நிறுத்திட்டியே. மீதியச் சொல்லு."

பாஸ்டர் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அந்தியோகியா பட்டணத்துல என்ன நடந்துச்சு? நான் சொல்லட்டா? அங்க பேதுரு புறஜாதிக்காரங்களோட தினமும் உக்காந்து சாப்பிட்டாரு. எருசலேம்ல இருந்து சொந்த ஜனங்க நாலு பேரு வந்தாங்க. வந்ததும் பயந்துபோயி எழும்பிட்டாரு. கூட இருந்தவங்களும் எழும்பிட்டாங்க." இதைச் சொல்லும்போது புருஷனைப் பார்த்தாள். "பவுல்னு இன்னொரு அப்போஸ்தலர், அவரு விடல. அத்தனை பேரு முன்னாலயும் பேதுரு மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. நானும் கேக்கேன். உனக்கு வயித்துலயா கோளாறு?"

"சபையில பொம்பளை பேசப்படாது" என்றார் அண்ணாச்சி.

"போன மாசம் நெஞ்சு வலின்னு க்ளினிக்ல படுத்திருந்தீங்களே அண்ணாச்சி. பெட்பேன் வச்சது இந்தப் பொம்பளைதான். அப்ப ஒண்ணும் சொல்லலியே?"

யாரோ சிரிக்கப் போய் இருமினார்கள்.

ஆறுமுகம் கையை நக்கிவிட்டு எழும்பினான். அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாஸ்டர், நாளைக்கு முங்குறது வேணாம்."

"ஏன் தம்பி?"

"இந்த மாதிரி சாமி எங்க ஊர்லயே இருக்கு. கடலுக்குள்ள எறங்கி எதுக்கு இன்னொண்ணு?"

கை கழுவினான். காதர் பாயிடம் பிரியாணி நல்லா இருந்துச்சு என்றான். ரோஸ்லினிடம் வாரேன்க்கா என்றான். செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பாத்திரம் ஒதுக்கும்போது ரோஸ்லினிடம் கேட்டேன். "பவுல் கேட்டதுக்குப் பேதுரு என்ன பதில் சொன்னாரு?"

"அது எழுதல" என்றாள்.

வெள்ளி காலை. முழித்துப் பார்த்தால் பாஸ்டர் படுத்த பாய் காலி. வேட்டி, செருப்பு இரண்டும் இல்லை. ஜெபராஜ் கலங்கிப்போனார். நான் கேம்பு பக்கம் நடந்தேன். வேறு எங்கே போயிருப்பார்?

கேம்பு என்பது தகரக் கொட்டகை வரிசை. கம்பி முழுக்கச் சட்டை காய்கிறது. மெஸ்ஸில் பெஞ்சு நீளமாக இருந்தது. நம் ஆட்கள், வங்காளிகள், பாகிஸ்தானிகள். ஆறுமுகம் ஒரு ஓரத்தில் குப்பூஸும் பருப்பும் வைத்துக்கொண்டு இருந்தான். குப்பூஸ் அரபி ரொட்டி. எதிரே பாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"உக்காரலாமா?" என்றார் பாஸ்டர்.

"வயிறு சரியாப்போச்சா?" என்றான் ஆறுமுகம்.

"வயித்துல ஒண்ணும் இல்ல தம்பி. பயம். செல்லத்துரை அண்ணாச்சி ஊருக்குப் போன் போட்டா எனக்குச் சபை கிடையாது. அந்தப் பயம்."

"இப்ப போன் போட மாட்டாரா?"

"போடுவாரு."

ஆறுமுகம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தட்டை நடுவில் தள்ளினான். பாஸ்டர் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "ஏல, அங்க ஏன் நிக்க? வா" என்றார். நானும் உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி கார் வந்து நின்றது. பாஸ்டரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக ரோஸ்லின் வீட்டுக்குப் போயிருக்கிறார். இல்லை என்றதும் இங்கே வந்திருக்கிறார். வாசலில் நின்று பார்த்தார். பாஸ்டர் கை பருப்புத் தட்டில் இருந்தது.

"ஐயா, ஊர்ல சபைன்னு ஒண்ணு இருக்கு. நினைப்புல வச்சுக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.

"இருக்கு அண்ணாச்சி" என்றார் பாஸ்டர். ரொட்டியைத் தொட்டு வாயில் வைத்தார்.

அண்ணாச்சி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரோடு கேம்பில் இருந்து நாலு பேர் போனார்கள்.

"நான் சட்டை மாத்திட்டு வாரேன்" என்றான் ஆறுமுகம்.

காதர் பாய் வேன்தான் மறுபடியும். அவர் வண்டியிலேயே இருந்துகொண்டார். கடல் அங்கே அலை இல்லாமல் குளம் மாதிரி கிடக்கிறது. ஜெபராஜும் வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் தண்ணீரில் இறங்கினவர் அவர்தான். ரோஸ்லின் அவர் செருப்பை எடுத்துத் தண்ணீர் படாமல் தள்ளி வைத்தாள்.

நாங்கள் வாய்க்குள்ளேயே பாடினோம். ஆறுமுகத்துக்கு நீச்சல் தெரியாது. எத்தனையோ மாடி உயரத்தில் பலகையில் நடக்கிறவன், இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் சட்டையைப் பிடித்துத் தொங்கினான். பாஸ்டர் முக்கினார். கால் வழுக்கி அவரும் சேர்ந்து முங்கினார். இரண்டு பேரும் இருமிக்கொண்டே எழும்பினார்கள். அந்த ஊருக்கு வந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது பட்டாணியோடு ஒரு தடவை, இங்கே ஒரு தடவை.

நாங்கள் ஊருக்குத் திரும்புகிறதற்கு முன்னால் போன் வந்து சேர்ந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கினதும் தெரிந்தது. கடைக்காரர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் சம்சாரம் வாசலில் நின்றார்கள்.

"அங்க போயி என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

"சாப்பிட்டேன்" என்றார் பாஸ்டர். பிறகு என்னிடம், "முன்வாசல் வழியா வா" என்றார்.

பாஸ்டர் சம்சாரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் விலகி வழி விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னேயே போய்ச் சபையைப் பெருக்கினேன். பாய் எல்லாவற்றையும் விரித்தேன். மழை நாளிலும் நூறு பேருக்குக் குறையாமல் வருகிற சபை. நேரம் ஆனது. பாஸ்டர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழும்பிப் பேதுரு கதையின் மீதியைச் சொன்னார். அந்தியோகியாவைச் சொன்னார். ருவைஸையும் சொன்னார், தன் வாயாலேயே, வயிறு சரியில்லை என்று சொன்னது உட்பட.

பாட்டுக்கு டோலக்கை எடுத்தேன். அடிக்கிறதற்கு முன்னால் எண்ணினேன். பாஸ்டர், அவர் சம்சாரம், என்னையும் சேர்த்து.

எட்டுப் பேர்.